பூக்கும் முன் ஒரு வெட்டு

ரயில் பாதை ஓரத்திலும் மானாவாரிக் காட்டு வரப்பிலும் வேலியாக நிற்கும் அந்த முரட்டுச் செடியை ஆனைக்கற்றாழை என்பார்கள். ரயில் கற்றாழை என்பாரும் உண்டு. தாவரவியலில் அதன் பெயர் அகேவ் அமெரிக்கானா. டீ வருவதற்குள் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். முகத்தில் தடவுகிற, மோரில் அடித்துக் குடிக்கிற சோற்றுக்கற்றாழை வேறு, இது வேறு. சோற்றுக்கற்றாழை அரேபியப் பக்கத்துச் செடி. இதுவோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் கடல் தாண்டிப் போகும் வரை நம் பக்கத்தில் யாரும் இதைக் கண்ணால் கண்டதில்லை. மடலை ஒடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். சோற்றுக்கற்றாழை பட்டென்று ஒடியும், உள்ளே வழவழவென்று சோறு இருக்கும். ஆனைக்கற்றாழையை ஒடிக்கவே முடியாது, உள்ளே அத்தனையும் நார். அதன் சாறு தோலில் பட்டால் எரியும், தடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அதில் இருக்கின்றன. வேலியிலிருந்து ஒரு மடலை வெட்டிவந்து யாராவது ஜூஸ் போடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அகேவ் இனத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மெக்சிகோவில் விளைகிறது. உள்ளங்கை அளவில் அடங்கிப்போவதும் உண்டு, ஆளுயரத்துக்கு மேல் மடல் விரிப்பதும் உண்டு. பெரும்பாலான வகைகளுக்கு ஒரு குணம் பொது. செடி ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்தபின் செத்துப்போகும். ஆங்கிலத்தில் இதை நூற்றாண்டுச் செடி என்று சொல்லிக் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் வெயிலுள்ள ஊரில் பத்து முதல் முப்பது ஆண்டுகளில் பூத்துவிடும். குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால்தான் இழுத்தடிக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1934இல் வைத்த ஒரு செடி 2014இல்தான் பூந்தண்டு விட்டது. எண்பது வருடம் சும்மா இருந்தது, பிறகு கிடுகிடுவென்று வளர்ந்து கூரையைத் தொட்டது. தண்டுக்கு வழிவிடக் கூரைக் கண்ணாடி ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று.

இத்தனை வேகத்துக்கு வேண்டிய தீனி எங்கிருந்து வருகிறது? செடி அதுவரை சேர்த்துவைத்ததிலிருந்துதான். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும். திறந்த துளை வழியே தண்ணீரும் ஆவியாகிப் போகும். பாலைவனத்தில் அப்படிச் செய்தால் ஒரு வாரம் தாங்காது. அகேவ் பகல் முழுக்கத் துளைகளை இறுக மூடிக்கொள்கிறது. இரவில் குளிர்ந்த பிறகு திறந்து, வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. காலையில் வெயில் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அந்த அமிலத்திலிருந்து சர்க்கரை செய்கிறது. அப்படிச் செய்த சர்க்கரையில் கணிசமான பங்கை ஃப்ரக்டான் என்னும் நீண்ட சங்கிலியாகக் கோத்து, மடல்கள் கூடும் நடுப்பகுதியில் திணித்து வைக்கிறது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சேமிப்பு வருடக்கணக்கில் நடக்கும்.

மனிதர்கள் அகேவ் செடியைப் பயன்படுத்தும் விதங்கள் ஏராளம். சரக்கு, கயிறு, பாகு, மருந்து என்று போகும். பட்டியல் போட்டால் மனதில் நிற்காது. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் வரிசையில் வந்துவிடும். பூவுக்கென்று சேர்த்ததை மனிதன் எந்தக் கட்டத்தில் போய்ப் பறிக்கிறான்?

மிகப் பழைய முறையிலிருந்து தொடங்குவோம். மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே, ஹிடால்கோ மாநிலத்தின் மேட்டுச் சமவெளியில் அகேவ் சால்மியானா என்ற பெரிய வகை விளைகிறது. அதற்கென்று ஒரு தொழிலாளி, பெயர் த்லாச்சிகேரோ. செடியின் நடுக்குருத்து ஒல்லியாவதைப் பார்த்தே, இது பூக்கத் தயாராகிவிட்டது என்று அவர் சொல்லிவிடுவார். தண்டு கிளம்பும் முன் குருத்தை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு குழி பறிப்பார். பூந்தண்டுக்கு ஏற வேண்டிய இனிப்புச் சாறு போக்கிடம் இல்லாமல் அந்தக் குழியில் ஊறும். தினம் இரண்டு வேளை வந்து, நீண்ட சுரைக்குடுக்கையின் ஒரு முனையைக் குழிக்குள் விட்டு, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சி எடுப்பார். எடுத்ததும் குழியின் சுவரைச் சுரண்டிவிடுவார். சுரண்டாமல் விட்டால் காயம் ஆறிச் சாறு நின்றுவிடும். நாளொன்றுக்குச் சில லிட்டர் வீதம், மூன்று முதல் ஆறு மாதம் வரை இது நடக்கும். அதோடு செடியின் கதை முடியும்.

இதை வாசிக்கும்போதே உங்களுக்குப் பனையேறி நினைவுக்கு வந்திருப்பார். சரியான நினைவுதான். பாளையை இருவேளை சீவுவதும் இந்தக் குழியைச் சுரண்டுவதும் ஒரே சூத்திரம். பூவுக்குப் போகிற சாற்றை வழிமறிப்பது, மறித்த காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பது. புதிதாக எடுத்த சாற்றை அங்கே அகுவாமியேல் என்கிறார்கள், நம் பதநீர் போல இனிக்கும். புளித்தால் அது புல்கே, சற்றே வழுவழுப்பான வெள்ளைக் கள். ஏறக்குறைய 4 முதல் 7 சதவீதம் ஆல்கஹால். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனை அடுத்த வருடமும் பாளை விடும். அகேவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே புல்கே எடுப்பவர் எப்போதும் வெவ்வேறு வயதுச் செடிகளை வரிசையாக வைத்திருக்க வேண்டும். இன்று வைக்கும் கன்றில் சாறு எடுக்கப்போவது பத்து வருடம் கழித்து, ஒருவேளை அவருடைய மகனாக இருக்கலாம்.

அஸ்டெக் மக்கள் இதைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்தார்கள். மாயாவேல் என்ற பெண் தெய்வம் அகேவ் செடியிலிருந்தே எழுந்து நிற்பவள், போதைக்குரிய நானூறு முயல் தெய்வங்களின் தாய். ஆனால் குடிக்கும் உரிமை எல்லாருக்கும் இல்லை. முதியவர்களுக்கும் சடங்குகளுக்கும் சலுகை இருந்தது. இளவட்டங்கள் போதையில் பிடிபட்டால் தண்டனை உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமை. ஸ்பானியர் வந்தபின் கட்டுப்பாடு தளர்ந்து, புல்கே தோட்டங்கள் பெரும் பண்ணைகளாயின. புல்கே ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது என்பதால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் வந்ததும் அப்பான் சமவெளியிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தலைநகருக்கு இறங்கியது. பிறகு பீர் ஆலைகள் வந்தன. புல்கே அழுக்கானது, அநாகரிகமானது என்ற பேச்சும் கூடவே வந்தது. சரக்கு சுகாதாரமா என்பதைவிட யார் குடிக்கிறார்கள் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

அடுத்த கட்டம் டெக்கீலா என்னும் வடித்த மது. இதில் சாறு ஊறக் காத்திருப்பதில்லை, சேமிப்புக் கிடங்கையே பெயர்த்து எடுத்துவிடுகிறார்கள். ஹாலிஸ்கோ மாநிலத்தில், ஓர் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊரின் பெயர் டெக்கீலா. அந்தப் பகுதியின் நீல அகேவ் வயல்களை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1974 முதல் டெக்கீலா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹாலிஸ்கோவிலும் இன்னும் நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும், நீல அகேவ் என்ற ஒரே வகையிலிருந்து எடுத்தால்தான் அந்தப் பெயர் போடலாம். பாதிக்குச் சற்று மேல், அதாவது 51 சதவீதம் அகேவ் சர்க்கரை இருந்தால்கூட சட்டம் டெக்கீலா என்று ஏற்றுக்கொள்கிறது. மிச்சம் கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். புட்டியில் நூறு சதவீதம் அகேவ் என்று எழுதியிருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் தேடுவது இதனால்தான்.

வயலில் ஹிமதோர் என்ற வேலையாள் நீண்ட கைப்பிடியில் வட்டத் தகடு பொருத்திய கருவியோடு நிற்கிறார். ஆறேழு வருடம் ஆன செடியின் மடல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சீவித் தள்ளுகிறார். கடைசியில் எஞ்சுவது அன்னாசிப் பழத்தைப் பெரிதாக்கியது போன்ற ஓர் உருண்டை. பெயரும் பீன்யா, அதாவது அன்னாசி. 40 கிலோவும் இருக்கும், 90 கிலோவும் இருக்கும். இதை அப்படியே பிழிந்தால் மது வராது. ஃப்ரக்டான் சங்கிலியை ஈஸ்ட் தின்னாது. ஆகவே செங்கல்லால் கட்டிய அடுப்பறையில் ஒன்றிரண்டு நாள் ஆவியில் வேகவைக்கிறார்கள், அல்லது பிரஷர் குக்கரின் அண்ணனான இரும்புத் தொட்டியில் சீக்கிரம் முடிக்கிறார்கள். வெந்ததும் சங்கிலி அறுந்து ஃப்ரக்டோஸாகிறது. உருண்டை பழுப்பேறி வெல்லமாக இனிக்கிறது. பிறகு நசுக்கி, சாறெடுத்து, புளிக்கவைத்து, இரண்டு தடவை வடிக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஏழு கிலோ பீன்யா போகும்.

கவனிக்க வேண்டியது வயலில்தான் இருக்கிறது. பூந்தண்டு கிளம்பினால் சேமித்த சர்க்கரை அதில் போய்விடும் என்று முளையிலேயே வெட்டிவிடுகிறார்கள். பூ இல்லை என்றால் விதை இல்லை. அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுகிறார்கள். கன்று தாயின் அச்சு அசல் நகல். பல தலைமுறை இப்படிப் போனதில், லட்சக்கணக்கான செடிகள் கிட்டத்தட்ட ஒரே செடியின் பிரதிகளாகிவிட்டன. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். 1990களின் இறுதியில் வேரழுகலும் வாடலும் பரவி வயல்கள் காலியாயின. விலை வானத்துக்கு ஏறியது. உடனே எல்லாரும் நட்டார்கள். ஆனால் பயிர் கைக்கு வர ஆறு வருடம். வந்தபோது எல்லாரிடமும் இருந்தது, விலை விழுந்தது. மறுபடி நடவு குறைந்தது, மறுபடி தட்டுப்பாடு, மறுபடி விலை ஏற்றம். அண்மையில் இன்னொரு சரிவும் வந்தாயிற்று. இந்தச் சக்கரத்தில் ஆலைக்காரர் தாங்கிக்கொள்வார். சிறு விவசாயிதான் மாட்டுவார்.

பூ இல்லாததால் பட்டினி கிடக்கும் இன்னொரு ஜீவன் வௌவால். அகேவ் பூ இரவில் திறக்கும், இரவில்தான் தேன் சுரக்கும். மூக்கு நீண்ட சிறிய வௌவால் ஒன்று மெக்சிகோவிலிருந்து அரிசோனா வரை வலசை போகும் வழியெல்லாம் அந்தத் தேனைக் குடித்து, மகரந்தத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. அமெரிக்கா இதை 1988இல் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. குகைகளைக் காத்து, மக்களிடம் பேசி, எண்ணிக்கையைக் கூட்டிய பிறகு 2018இல் பட்டியலிலிருந்து எடுத்தது. அழிந்துகொண்டிருந்த ஒரு வௌவால் இனம் தேறி அந்தப் பட்டியலை விட்டு வெளியேறியது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் ரோத்ரிகோ மெடியின் இன்னொன்றும் செய்தார். வயலில் 5 சதவீதச் செடிகளைப் பூக்க விடுங்கள், புட்டியில் வௌவாலுக்கு நண்பன் என்று முத்திரை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னார். சிலர் கேட்டார்கள். வௌவாலுக்குத் தேன், வயலுக்கு விதை வழியே புது ரத்தம். நூற்றில் ஐந்தை விட்டுக்கொடுக்கவே இத்தனை பேச்சு வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

டெக்கீலாவின் உறவுக்காரச் சரக்கான மெஸ்கால் பற்றி இரண்டே வார்த்தை. டெக்கீலாவுக்கு ஒரே வகை, மெஸ்காலுக்குப் பல வகை. ஒஹாக்கா மாநிலத்தில் எஸ்பதீன் என்ற வகை அதிகம், மலையில் தானாக விளையும் தொபாலாவுக்கு மவுசு அதிகம். மண்ணில் குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, பீன்யாக்களை அடுக்கி மூடி வேகவைப்பதால் புகை மணம் ஏறுகிறது. புட்டிக்குள் புழு மிதக்குமே என்று கேட்பீர்கள். அது அகேவ் செடியைக் குடையும் அந்துப்பூச்சியின் புழு. அதைப் போடுவது சில மெஸ்கால் புட்டிகளில்தான். பழமையான சடங்கு ஒன்றும் இல்லை, 20ஆம் நூற்றாண்டு வியாபார உத்தி.

இனி நார். இதில் கணக்கு தலைகீழ். நார்க்காரன் நடுப்பகுதியைத் தொடுவதே இல்லை. அடிமடல்களை மட்டும் வெட்டிக்கொண்டே, செடி எவ்வளவு நாள் பூக்காமல் இருக்குமோ அவ்வளவு நாள் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறான். பூத்துவிட்டால் அவனுக்கு மடல் கிடையாது. யுகாத்தான் தீபகற்பத்தின் எனெக்கென் என்ற வகைக்கு 1880களில் திடீர் யோகம் அடித்தது. அமெரிக்கச் சமவெளிகளில் கோதுமையை அறுத்துக் கட்டாகக் கட்டும் இயந்திரம் வந்தது. முதலில் கம்பியால் கட்டியது. கம்பித்துண்டு தீவனத்தில் கலந்து மாடுகள் செத்தன. ஆகவே சணல் போன்ற கயிறு தேவைப்பட்டது, அதற்கு நார் தந்தது எனெக்கென். யுகாத்தான் பண்ணை முதலாளிகள் அதை 'பச்சைத் தங்கம்' என்றார்கள். மெரிதா நகரின் மோந்தேகோ சாலையில் இன்றும் நிற்கும் மாளிகைகள் அந்தக் கயிற்றுக் காசில் எழுந்தவை. மடல் வெட்டியவர்கள் கடனில் கட்டுண்ட மாயா இனத்தவர்கள். அவர்களோடு, வடக்கே சொனோராவில் அரசை எதிர்த்த யாக்கி இன மக்களையும் பிடித்து அனுப்பினார்கள். ஜான் கென்னத் டர்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் முதலீட்டாளர் வேடத்தில் உள்ளே புகுந்து பார்த்து, அது அடிமைத்தனமேதான் என்று எழுதினார். 1910இல் மெக்சிகோப் புரட்சி வெடித்தது. ஆனால் யுகாத்தான் பண்ணை நிலங்கள் பெருமளவில் பங்கிடப்பட்டது 1937இல், லாசரோ கார்தெனாஸ் ஆட்சியில்.

சிசல் வகையின் பயணம் வேறு தினுசு. யுகாத்தானின் சிசல் என்ற சிறு துறைமுகம் அதற்குப் பெயர் கொடுத்தது. 1830களில் ஹென்றி பெரின் என்ற அமெரிக்கத் தூதர் அதை புளோரிடாவுக்குக் கொண்டுபோனார். 1840இல் அங்கே நடந்த தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார், செடிகள் கேட்பாரற்றுப் பெருகின. சிசல் பூந்தண்டில் காய்க்குப் பதில் குட்டிச் செடிகளே முளைக்கும். 1893இல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் புளோரிடாவிலிருந்து அப்படிப்பட்ட ஆயிரம் குட்டிகளை ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரவழைத்தார். தாங்கா துறைமுகம் வரை உயிரோடு வந்தவை 62. அந்த அறுபத்திரண்டிலிருந்து எழுந்தது இன்றைய தான்சானியாவின் சிசல் தொழில். 1960களில் உற்பத்தி வருடம் இரண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. பிறகு நைலானும் பாலிபுரொப்பிலீனும் வந்து கயிற்றுச் சந்தையைத் தின்றன. இன்று சிசலில் முதலிடம் பிரேசிலுக்கு, அதிலும் பாஹியா மாநிலத்தின் வறண்ட பகுதிக்கு. நூறு கிலோ மடலில் கிடைக்கும் நார் நான்கு கிலோ அளவுதான். மிச்சக் கழிவிலிருந்து ஹெகோஜெனின் என்ற பொருளைப் பிரித்து ஸ்டீராய்டு மருந்துகள் செய்திருக்கிறார்கள். அம்பெறியும் டார்ட் பலகை இருக்கிறதே, நல்ல ரகமெல்லாம் சிசல் நாரை அழுத்திச் செய்தது. ஊசியைப் பிடுங்கியதும் துளை மூடிக்கொள்ளும் ரகசியம் அதுதான்.

பாகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அகேவ் சிரப் என்று ஆரோக்கியக் கடைகளில் தேனைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது என்பது உண்மை, காரணம் அதில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ். ஆனால் ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் ஈரல்தான் சமாளிக்க வேண்டும், அதிகமானால் அங்கே கொழுப்பாகும். செடி நல்லது என்பதற்காகச் சர்க்கரை நல்லதாகிவிடாது.

நம் நாட்டில் அகேவ் பெரும்பாலும் வேலிதான். சில ஊர்களில் மடலை ஊறவைத்து, அடித்து, அலசி நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். கை அரிப்பு அந்த வேலையின் கூலியோடு சேர்ந்தது. ஒடிசாவின் சம்பல்பூர் மாவட்டத்து பாம்ராவில் மத்திய அரசின் சிசல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம், தக்காணத்து ஆனைக்கற்றாழையிலிருந்தே மது வடிக்கும் ஆலை ஒன்று 2010களில் வந்தது. டெக்கீலா என்று பெயர் போட முடியாது, அகேவ் சரக்கு என்றுதான் போட வேண்டும். இதைவிட ஆச்சரியம் பூக்கடையில் இருக்கிறது. மாலையில் கோக்கும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த தாவரவியலாளர்கள் அண்மையில் அதை அகேவ் இனத்திலேயே சேர்த்து, அகேவ் அமிகா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சத்தியமங்கலத்து விவசாயி அகேவ் பயிரிடுகிறார் என்றால் அவரே நம்பமாட்டார்.

வீட்டில் வளர்க்க ஆசையா? மடல் நுனியில் முள் இல்லாத அட்டெனுவாட்டா வகையை எடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் தோது. ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட அங்குஸ்டிஃபோலியா அழகு, ஆனால் குத்தும். மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் சரளையும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். முழு வெயில் வேண்டும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். நம் ஊரில் அகேவ் வறட்சியில் செத்ததைவிடப் பாசத்தில் அழுகியதே அதிகம். பக்கக்கன்றைப் பிரித்தால் வெட்டுவாய் காயும் வரை சில நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். என்றைக்காவது பூந்தண்டு கிளம்பினால், அதை வெட்டிச் செடியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெட்டினாலும் அது போகத்தான் போகிறது, பூத்துவிட்டாவது போகட்டும். வௌவால் வருகிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால்கள் வெள்ளைக்காரச் சரக்கு உள்ளூர்ச் சரக்கு என்று பேதம் பார்ப்பதில்லை, தேனிருக்கும் பூ என்றால் வரக்கூடும். காய்ந்த தாய்ச்செடியைக் கிளப்பக் கடப்பாரை வேண்டும், முழங்கை வரை மூடும் தடித்த கையுறையும் வேண்டும்.